பெரியம்மாவின் பால்

குளக்கரைக் காட்டில் கட்டைக்கொம்பி என்றொரு எருமை இருந்தாள். அந்தக் காட்டில் புலி ஒரு தாயைத் தின்றுவிட்டால், அவள் குட்டி பட்டினியில் சாகும். அதைக் கண்டு பொறுக்காமல் தாய்களை எல்லாம் ஒன்று சேர்த்தவள் இவள்தான். விடிந்ததும் எருமை, பசு, ஆடு எல்லாம் கரைக்கு வரும். தம் கன்றுக்குப் போக மீந்த பாலை மந்தி ஒன்று சுரைக்குடுக்கையில் கறந்து, அங்கிருந்த கல்தொட்டியில் ஊற்றும். தாயற்ற குட்டிகள் அதைக் குடித்து வளரும்.

சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொருத்தி பாலையும் கட்டைக்கொம்பி முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒருத்தி பால் கெட்டிருந்தாலும் தொட்டி முழுவதும் கெடும் அல்லவா? தன் கூடப்பிறந்த தங்கையின் பாலையே ஒருமுறை தரையில் கொட்டச் சொன்னவள் அவள். தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இவள் அசையவில்லை. இவளுடைய பாலை மட்டும் மந்தி முகர்ந்து பார்க்கும்.

இப்படியே அவளுக்கு வயதாகிவிட்டது. காடே அவளைப் பெரியம்மா என்று அழைத்தது. ஒருநாள் எல்லோரும் கூடி அவள் கழுத்தில் ஆவாரம்பூ மாலை போட்டார்கள். அப்போது வெள்ளாடு சொன்னது:

“பெரியம்மா பாலைப் போய் ஒரு மந்தி மோந்து பாக்கறதா? நமக்கே அசிங்கமா இருக்கு. இனிமே அது வேண்டாம்!”

எல்லோரும் தலையாட்டினார்கள். கூடாது என்றுதான் கட்டைக்கொம்பி சொல்ல வந்தாள். ஆனால் உச்சி குளிர்ந்துபோயிருந்தது. பேசாமல் இருந்துவிட்டாள். பாழாய்ப்போன அந்த மௌனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கோடை வந்தது. ஒரு காலையில் அவள் மடி ஒரு பக்கம் சுட்டது. எல்லோருக்கும் பால் குறைந்திருந்த சமயம். தொட்டியைச் சுற்றிக் குட்டிகள் காத்து நின்றன. தன் பாலுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மந்தியின் முன் போய் நின்றாள். பால் திரிதிரியாக வந்தது. மந்தியின் கை சற்று நின்றது. பெரியம்மாவின் பாலைக் குறை சொல்லிவிட்டு இந்தக் காட்டில் குடியிருக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டது.

உச்சிவேளைக்குள் குட்டிகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு விழுந்தன. புள்ளிமான் குட்டி ஒன்று முதலில் போயிற்று. பொழுது சாய்வதற்குள் கரையெங்கும் பிணமாகக் கிடந்தது.

கட்டைக்கொம்பிக்கு நெஞ்சு வெடித்தது.

“கெட்டுப்போனது என் பாலுதான். நான்தான் கொன்னுட்டேன்” என்று எல்லோர் முன்னும் கதறினாள்.

யாராவது நம்ப வேண்டுமே!

“பழியைத் தன் மேல போட்டுக்கறாங்க பாரு. அதான் பெரியம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது வெள்ளாடு.

பிறகு எல்லோரும் மந்தியின் பக்கம் திரும்பினார்கள். பாலில் கை வைத்தது அதுதானே! மந்தி நடந்ததைச் சொன்னது. பெரியம்மா மேலேயே பழி போடுகிறாயா என்று முட்டித் துரத்திவிட்டார்கள். அதோடு முடிந்ததா? பசு ஆட்டைச் சந்தேகித்தது. ஆடு பசுவைச் சந்தேகித்தது. அவரவர் பால் அவரவர் கன்றுக்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கல்தொட்டியில் சருகு விழுந்து கிடந்தது.

செத்தது போகப் பிழைத்தது ஒரே ஒரு மான்குட்டி. அது கட்டைக்கொம்பியின் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. நோய் கண்ட மடி வற்றிப் போயிருந்தது. அவள் அதைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தாயிடமும் போய்க் கெஞ்சினாள். அவர்கள் அவள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். பால் மட்டும் தரவில்லை. மான்குட்டி அவள் காலடியிலேயே செத்துப்போனது.

எவ்வளவு நல்லவரானாலும் ஒருவரைக் கேள்வி கேட்கக் கூடாதவர் ஆக்கிவிட்டால், அவர் ஆயுள் முழுக்கக் கட்டியதை அவரைக் கொண்டே இடித்துவிடுவோம்.