நவ்ஷாத் சாரின் முறை

“எல்லாம் தெரியுது சார். அவங்க கேட்டா மட்டும் வாய் வரமாட்டேங்குது” என்றாள் சுகிர்தா.

நவ்ஷாத் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துரைப்பாக்கத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த அறை அது. வேலை போனவர்களை ஜாவா புரோகிராமர் வேலைக்கான நேர்காணலுக்குத் தயார் செய்வார். சுகிர்தாவைவிட வயதில் இளையவர். இருந்தாலும் சார்தான்.

“இந்தத் தடவை என்ன ஆச்சு?”

“ஆன்லைன்ல இன்டர்வியூ எடுத்த பையன் கேமராவே போடல. எதையோ மென்னுக்கிட்டே கேட்டான். ரெண்டு கீ ஒரே பக்கெட்ல விழுந்தா ஹேஷ்மேப் என்ன செய்யும்னு. இத்தனை வருஷம் அதுலதான் சார் வேலை பாத்தேன். பதில் வரல. சொல்லி அனுப்பறோம்னு வச்சுட்டான்.”

“இப்ப சொல்லுங்க.”

அவள் தங்குதடையில்லாமல் சொன்னாள்.

“சரியாத்தான் சொல்றீங்க.”

“இங்க சரியா சொல்லி என்ன சார் பண்றது?”

அவர் அடுத்த கேள்வியைப் பலகையில் எழுதினார்.

சுகிர்தாவை அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங் என்று கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அவள் எழுதிய புரோகிராம் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கம்பக்கத்தில் மாமியார், “மருமக லீவுல இருக்கா” என்று சொல்லிவைத்திருந்தார். லீவு நீண்டுகொண்டே போனது.

“பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டுமாம்மா?” என்று மகள் கேட்டாள்.

சுகிர்தா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிறகு பெருங்குடியில் ஒரு நிறுவனம் நேரில் வரச்சொல்லியது. ஒரே ஒரு இடம்.

வரவேற்பறையில் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. யாரும் யாருடனும் பேசவில்லை. எல்லோரும் போனில் எதையோ கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் நவ்ஷாத் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் விசிட்டர் அட்டை.

“யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா சார்?”

“இல்ல மேடம். நானும்தான்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“உங்களுக்கு வேலை இருக்குன்னுல்ல நினைச்சேன்.”

“போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு.”

“எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறீங்க. நீங்களே இங்க உக்காந்திருந்தா, நாங்கல்லாம் எங்க சார் போறது?”

நவ்ஷாத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி விரலில் வழுக்கியது. அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்தார்.

“இது எத்தனாவது கம்பெனி சார்?”

“எண்ணறதை விட்டுட்டேன்.”

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தாள். கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தாள். அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்த நவ்ஷாத், கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

“இடமே இல்லையாம். காலையிலதான் மேலேருந்து நிறுத்திட்டாங்களாம். வந்தவங்களை ஒப்புக்குப் பாத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க.”

“யார் சொன்னா?”

“கேள்வி கேக்கறவரே சொன்னார். என் கிளாஸைப் பத்தி யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. இந்த மாசத்தோட அவரையும் அனுப்பறாங்களாம். சனிக்கிழமை நம்ம கிளாஸ்ல சேந்துக்கலாமான்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வரச் சொன்னேன்.”

வரிசையில் இருந்த மற்றவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“சுகிர்தா ஜெபராஜ்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. களைத்த குரல்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“இல்லாத வேலைக்குப் போய் நான் என்ன சார் பதில் சொல்றது?”

நவ்ஷாத் அவள் மடியிலிருந்த ஃபைலை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க மேடம். அடுத்த மாசம் அவரும் பதில் சொல்லணுமே, எழுதிக்கிறார்.”