சம்பந்தி தந்த நாணய ஆல்பம்

காசு சேர்க்கிறவர்களுக்கான கதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். கண்ணையும் காதையும் மட்டும் நம்பிப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

திண்டுக்கல் அருளானந்தம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகப் பழைய நாணயங்கள் சேர்க்கிறார். நாயக்கர் காலத்துச் செப்புக்காசு முதல் ஓட்டைக் காலணா வரை எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தன. ஊர் நாணயக் கண்காட்சியில் இந்த வருடம் அவருக்கும் ஒரு மேசை ஒதுக்கினார்கள். டப்பாவோடு போய் நிற்க முடியுமா? நல்ல ஆல்பமாகத் தேட ஆரம்பித்தார்.

அது சம்பந்தி காதில் விழுந்துவிட்டது. மகள் பிரிசில்லாவின் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சவரிமுத்து, கையில் ஆல்பத்தோடு இறங்கினார். அவர் அரிசி வியாபாரி. எதை எடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவது வழக்கம். ஆல்பத்தையும் விரித்து முகர்ந்தார்.

"புது ரெயின்கோட்டு மாதிரி வாசனை அடிக்குது பாருங்க சம்பந்தி. கண்காட்சிக்கு நானே வருவேன். ஜனவரியில கல்யாணத்துக்கு வர்ற எங்க சனம் பூராவும் இதைப் பாக்கணும்."

நீலத்துணி ஒட்டிய அட்டையில் அருளானந்தத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. "உங்க ஆல்பத்துலதான் வைப்பேன்" என்று அருளானந்தம் சபையில் வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் உள்ளே தொட்டுப் பார்த்தார். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள். இதே வாசனை அடித்த உறையில் முன்பு வைத்த பன்னிரண்டு செப்புக்காசுகள் ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பிசின் பூத்துப் பாழாய்ப் போயிருந்தன. அதற்காக ஆல்பத்தை ஒதுக்கவும் முடியாது. தான் எடுத்துக் கொடுத்த சட்டையைக் கிறிஸ்துமஸுக்குப் போடவில்லை என்று சொந்தத் தம்பியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்த மனிதர் சவரிமுத்து. அந்த வீட்டில்தான் பெண் வாழப்போகிறாள்.

"கல்யாணம் வரைக்கும் வச்சுட்டு எடுத்துருவோமா?" என்றார் அருளானந்தம். சொல்லும்போதே மனசு கேட்கவில்லை. நடுவில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் இருந்தன.

"உள்ளதைச் சொல்லிருங்க. மூடி மறைச்சா நம்ம பிள்ளைக்குத்தான் பின்னால வம்பு" என்றாள் மனைவி ரெஜினா.

பிரிசில்லா ஆல்பத்தின் வளையங்களைத் திறந்து மெத்தென்ற உறைகளைக் கழற்றினாள். வாசனையே இல்லாத, விறைப்பான கண்ணாடித் தாள்களை வாங்கிவந்து மாட்டினாள். "அட்டை மாமாவோடது. காசும் பொழைச்சுக்கும்" என்றாள். அருளானந்தம் சம்பந்தியிடம் சொல்லாமலே காசுகளை அதில் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து சொன்னபடியே கண்காட்சிக்கு வந்தார். ஆல்பத்தை விரித்தார். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் நின்றார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு தலை நிமிர்ந்து பிரிசில்லாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இங்க வாங்கய்யா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார் சவரிமுத்து. "எங்க சம்பந்தி சேர்த்த காசு! நான் குடுத்த ஆல்பம்!"

அப்பாடா! அருளானந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து அரை பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அவருக்கு ஒண்ணும் தெரியல" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

இப்போது சொல்லுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு வாய் மூடிய அருளானந்தம், உள்ளதைச் சொல்லச் சொன்ன ரெஜினா, சொல்லாமல் தாளை மாற்றிய பிரிசில்லா, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மூன்று பேரை மட்டும் எண்ணியிருந்தால் நீங்களும் அருளானந்தத்தைப் போல ஏமாந்தீர்கள். காசைக் காப்பாற்றியது பிரிசில்லா. உறவைக் காப்பாற்றியவர் நான்காவது ஆள். அரிசியின் வயதை மூக்கால் சொல்கிறவருக்கு ரெயின்கோட்டு வாசனை காணாமல் போனது தெரியாதா? நாலு பேர் முன்னால் கேட்காமல் விட்டாரே, அதுதான் சரி. ஆனால் புறப்படும்போது வாசலில் மருமகளிடம் மட்டும் சொன்னார்: "காசுக்கு ஆகாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தாயி? இனிமே நான் சட்டை எடுத்துக் குடுத்தாலும் சரி, பிடிக்கலைன்னா சொல்லிரு. தம்பிகிட்ட ரெண்டு வருசம் வீணாப் போச்சு." பிரிசில்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.