கையுறைப் பெட்டி

அமெரிக்கா தனி நாடாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். வடக்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆசகேல் என்றொரு டாக்டர் சாகக் கிடந்தார். முப்பது வருஷம் குதிரைமேல் அலைந்தே வைத்தியம் பார்த்தவர். பனியோ மழையோ, கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பார். அவருக்கு அந்த ஊர் செய்த கைம்மாறைச் சொன்னால் வயிறு எரியும்.

அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. "கூட்டம் கூடாதீர்கள்" என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சபை மூப்பர் ஒபதியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெபித்தால் நோய் ஓடிவிடும் என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளைத் தேவாலயத்தில் நெருக்கி உட்காரவைத்தார். மூன்று ஞாயிறு, பதினோரு சின்னச் சவப்பெட்டிகள். நாலாவது ஞாயிறு டாக்டரே போய்த் தேவாலயக் கதவின் குறுக்கே பலகை வைத்து ஆணி அறைந்தார். அதன்பிறகுதான் நோய் மெல்ல அடங்கியது.

ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி? பிள்ளைகள் எழுந்து ஓடியாட ஆரம்பித்ததும் ஊருக்கு ஞாபகம் இருந்தது அந்த ஆணிகள் மட்டும்தான். டாக்டர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்ததும் சபை கூடித் தீர்மானம் போட்டது. ஆண்டவர் வீட்டுக் கதவை அடைத்தவனுக்கு ஆண்டவரின் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடையாது. ஆள் உயிரோடு இருக்கும்போதே இந்தத் தீர்மானம்!

சேதியைக் கொண்டுவந்தவன் டாக்டரின் சீடன் நாகூம். சீடன் என்றால் இளவட்டம் இல்லை. நாற்பத்தைந்து வயது ஆள், செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் மனைவி கேத்தூராள் பிரசவ ஜுரத்தில் போனாள். அதன்பின் ஊசியையும் தோலையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு வைத்தியம் கற்க வந்தான்.

"ஐயா, கோடாலியைத் தீட்டிவிட்டேன்" என்றான். "தோட்டத்துக் கதவைப் பிளந்து நட்டநடுவில் உங்களைப் புதைக்காவிட்டால் என் பேர் நாகூம் இல்லை."

"நான் இன்னும் சாகவில்லையே."

"விளையாடாதீர்கள். அந்த ஒபதியாவின் பேரன் தொண்டையிலிருந்து சவ்வை இழுத்து எடுத்தது யார்? நன்றி கெட்ட ஜென்மங்கள். உங்களுக்குக் கோபமே வரவில்லையா?"

"வருகிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. எடு."

நாகூம் இழுத்தான். திறந்தான். உள்ளே கையுறைகள். ஜோடி ஜோடியாக, வெள்ளாட்டுத் தோலில், ஒருமுறைகூடக் கை நுழையாதவை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடக்கத்துக்கு வரவேண்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜோடி கையுறை அனுப்புவார்கள். அதுதான் அழைப்பு. கைராசிக்காரரோ இல்லையோ, வைத்தியம் பார்த்த டாக்டருக்கு ஒரு ஜோடி கட்டாயம் வரும். மற்றவர்கள் மாட்டிக்கொண்டு திரிவார்கள். ஆசகேல் மாட்டி யாரும் பார்த்ததில்லை.

"இதை எதற்குச் சேர்த்துவைத்தீர்கள்? அவர்கள் முகத்திலேயே வீசியெறிகிறேன்."

"எறியலாம். முதலில் உள்ளே இருப்பதைப் படி."

ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் ஒரு சீட்டு செருகியிருந்தது. டாக்டரின் கோணல் எழுத்து. நாகூம் ஒன்றை எடுத்தான். 'மில்காரர் மகன். எலும்பு முறிவு. கட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன். கால் அழுகியது.' இன்னொன்று. 'தச்சரின் தாய். வயிற்றுவலி. அஜீரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.'

"ஐயா, எல்லா வைத்தியனுக்கும் நடப்பதுதானே இது?"

"இன்னும் படி."

அடியில் கிடந்த ஒரு ஜோடி நாகூமுக்குத் தெரிந்தது. தெரியாமல் என்ன? அவனே தைத்தது. மனைவியின் அடக்கத்துக்கு அவனே அனுப்பியது. சீட்டை உருவினான்.

'நாகூமின் மனைவி. பிரசவ ஜுரம். ஜுரம் தணியுமென்று மூன்று தடவை கையைக் கீறி ரத்தம் இறக்கினேன். ஒரு தடவையே அதிகம். ஜுரம் கொல்லவில்லை, நான்தான். நாகூமிடம் சொல்லவில்லை.'

நாகூம் சீட்டை மறுபடி ஒருமுறை படித்தான்.

"ஏழு வருஷம்" என்றான் நாகூம். "ஏழு வருஷம் உங்கள் குதிரைக்குப் பின்னாலேயே வந்தேன். அவளைக் காப்பாற்றப் பாடுபட்டவர் என்று உங்கள் பூட்ஸைத் துடைத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லியிருக்கக்கூடாதா?"

"ஊர்க் கதவில் ஆணி அறைய எனக்குத் தைரியம் இருந்தது நாகூம். உன் கதவைத் தட்டி இதைச் சொல்லத்தான் இல்லை."

நாகூம் எழுந்தான். முகம் கொதித்தது. சற்றுமுன் ஊரின்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. வாசல்வரை போனான்.

"கேத்தூராள் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள்" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "இப்போது சொல். என்னை எங்கே புதைக்கப்போகிறாய்?"

நாகூம் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை திரும்பி வந்தான். கஞ்சி ஊட்டினான், துணி மாற்றினான், முதுகைத் தேய்த்துவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் போய்ச்சேர்ந்தார். யாருக்கும் கையுறை போகவில்லை.

நாகூம் கோடாலி தீட்டிய சேதி எட்டியிருந்ததால், மூப்பர் ஒபதியா நாலு பேரைத் தடியோடு கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கதவில் நின்றார். நாகூம் வண்டியில் சவப்பெட்டியும் கையில் மண்வெட்டியுமாகத்தான் வந்தான். கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலைச் சுற்றிப் போய், வெளியே, கேத்தூராளின் கல்லறைக்கு நேர் எதிரே தோண்டினான். நடுவில் அந்தக் கல்மதில் மட்டும். சவப்பெட்டியைத் தானே இறக்கி, தானே மூடினான்.

ஒபதியாவுக்கு ஒரே குஷி. பக்கத்தில் வந்தார்.

"கோடாலி எங்கே நாகூம்? அந்த ஆளின் லட்சணம் இப்போதாவது தெரிந்ததா?"

"தெரிந்தது, மூப்பரே. முப்பது வருஷத்தில் யார் யாருக்கு என்ன தப்புச் செய்தார் என்று அவர் கையாலேயே எழுதி ஒரு பெட்டியில் வைத்திருந்தார். என் பெண்டாட்டி பேரும் அதில் இருக்கிறது."

"நான்தான் அப்போதே சொன்னேனே!"

நாகூம் மண்வெட்டியில் ஒட்டியிருந்த ஈரமண்ணை மதில் கல்லில் தட்டினான்.

"பதினோரு பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதி வைத்த பெட்டி எங்கே, மூப்பரே?"