வாசல்படியில் ஒரு சாப்பாடு

குருபூஜை அன்று மடத்தில் சங்கு ஒலிக்கவில்லை. பூஜைக்குப் பொறுப்பு அருஞ்சடை என்ற சீடர். தலை குனிந்தபடி தவமணி அம்மாவிடம் வந்தார். அம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவருக்குக் குரு.

"பொன்னடியான் வேண்டாம்மா. சங்கு ஊத வேற ஆள் பார்க்கிறேன்."

"என்ன ஆச்சு?"

"காலையில அவன் வீட்டுக்கே போனேன். கதவைத் திறக்கல. 'வர முடியாது'ன்னான். 'சங்கையாவது கொடு, நானே ஊதறேன்'னேன். 'அது மட்டும் முடியாது'ன்னுட்டான். என்ன திமிர்!"

"ஏன்னு கேட்டீங்களா?"

"கோபத்துல வந்துட்டேன்."

குருபூஜைப் பந்தியில் முதல் இலை, அந்த வருடம் மடத்துக்குப் பெரிய தொண்டு செய்தவருக்கு. இந்த முறை அது தனக்குத்தான் என்று அருஞ்சடை நினைத்திருந்தார்.

"முதல் இலைச் சாப்பாட்டைப் பொன்னடியானுக்குக் கொண்டுபோங்க. அதுக்கப்புறமும் வேற ஆள் வேணும்னா பார்க்கலாம்" என்றார் அம்மா.

"அவனுக்கா?"

அம்மா சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அருஞ்சடை விறுவிறுவென்று நடந்தார்.

கதவு இப்போதும் சாத்தித்தான் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

"வாசல்படியில வச்சுட்டுத் தள்ளிப் போங்க சாமி." தொண்டை கட்டிய குரல். தொடர்ந்து இருமல்.

"என்னடா உடம்புக்கு?"

"ஊரெல்லாம் அடிக்குதே, அந்தப் புதுக் காய்ச்சல்தான். நேத்து சாயங்காலம் ஊதிட்டு வந்து படுத்தேன், அனலாக் கொதிக்குது. நான் வாய் வச்ச சங்கை உங்களுக்கு எப்படித் தர்றது? உங்களுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு."

"இதைக் காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா கேப்பீங்களா? 'சாமி சங்குக்கு ஏதுடா நோய்'னு பிடுங்கி ஊதியிருப்பீங்க. அப்புறம் உங்களுக்கே நான் சங்கு ஊத வேண்டி வந்திருக்கும்."

அருஞ்சடைக்குச் சிரிப்பு வந்தது. உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருப்பார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"கஞ்சி வச்சுக்கொடுக்க ஆள் இருக்கா?"

"யாரும் வரவேண்டாம்னு சொல்லிட்டேன் சாமி. மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் வெளியே வரணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க."

படியில் வாளியை வைத்துவிட்டு அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். கதவு கொஞ்சம் திறந்தது. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்த பொன்னடியான் வாளியை எடுத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே கும்பிட்டான்.

மடத்துக்குத் திரும்பிய அருஞ்சடை குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். அம்மா வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

"வேற ஆள் பார்க்கணுமா?"

அவர் தலையசைத்து மறுத்தார். கண் கலங்கியிருந்தது.

"அவன் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்போல இருந்துச்சும்மா. கிட்டவே விடமாட்டேங்கிறான். எப்படிச் சொல்றது?"

"நாளைக்கும் தள்ளி நின்னே கொடுங்க. ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்றார் அம்மா.