யார் போட்ட தாழ்ப்பாள்?

நூல் மில் ஆபீசில் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டர், மேனேஜர் தணிகாசலத்தின் புதுக் கம்ப்யூட்டரில் இருந்தது. பழைய மெஷின்கள் உள்ளே வராதபடி செட்டிங்கை மாற்றியதும் அவர்தான். கிளார்க் மரகதவல்லியின் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை.

"உன் ஓட்டை மெஷின்தான் கோளாறு! சாயங்காலத்துக்குள்ள திறக்கலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

மரகதவல்லி எழுந்தாள். அவர் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் கதவை இடித்தார்.

"கதவு நல்லாத்தான் இருக்கு சார். உங்க கைதான் பழசு!"

"உள்ள தாழ் போட்டுட்டு என் கையையா குறை சொல்றே?"

"அதையேதான் சார் நானும் கேக்கறேன். உங்க கம்ப்யூட்டர்ல தாழ் போட்டது யாரு?"

ஆபீசே சிரித்தது. அவள் கதவைத் திறந்தாள். அவர் செட்டிங்கை மாற்றினார். பழைய மெஷினில் ஃபோல்டர் திறந்துகொண்டது. அவர் வாய்தான் அன்று முழுக்கத் திறக்கவில்லை.