மணலுக்கடியில் சாம்பல்

பாலைவனத்துக் குகை மடம் ஒன்றில் மாசிலாமணி என்றொரு சீடர் இருந்தார். குரு நாகவ்வையைவிட அவருக்குப் பத்து வயது மூப்பு. பிடிவாதத்தில் இன்னும் மூப்பு. மடத்து அடுப்பு அவர் பொறுப்பு. ஆதி மனுஷன் மூட்டிய நெருப்பு இது, அன்றிலிருந்து ஒரு நாளும் அணைந்ததில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி எல்லோர் காதும் புளித்துப் போயிருந்தது.

வருஷக்கணக்காக மழை இல்லை. குகைக்குள் கசிந்துகொண்டிருந்த ஊற்று மெலிந்து மெலிந்து, கடைசியில் பாறையில் வெறும் கறையாக நின்றுவிட்டது. வடக்கே நடந்தால் ஆறு இருக்கிறது, கிளம்பலாம் என்றார் நாகவ்வை. எல்லோரும் மூட்டை கட்டினார்கள். மாசிலாமணி மட்டும் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் போங்கள், நான் நெருப்போடு இருக்கிறேன் என்றார்.

நெருப்பைச் சட்டியில் எடுத்துப் போகலாமே என்றதற்கு, குகையைத் தாண்டினால் அது வெறும் சமையல் நெருப்பு என்று ஒரே போடாகப் போட்டார். கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். மனுஷன் அசைந்தால்தானே! அவரைச் சாக விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. தோல்பையில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு பொழுது தாமதித்தால் ஒருத்தரும் ஆற்றைப் பார்க்க மாட்டார்கள்.

நாகவ்வை அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். வாதாடவில்லை.

"நீர் இரும். ஆனால் அம்மியை எங்களால் சுமக்க முடியாது. இந்தப் பக்கத்து ஒட்டகக்காரர்கள் இடம் மாறும்போது, திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மியைக் குப்புறப் புதைத்துவிட்டுத்தான் போவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டித் தாரும்."

வெட்டினார். முதலில் சாம்பல் வந்தது, நல்ல கனமாக. நான் சொன்னபோது நம்பினீர்களா என்பதுபோல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குக் கீழே மணல். காற்று கொண்டுவந்து கொட்டிய சன்ன மணல். ஒரு கரித்துண்டு இல்லை, மனுஷ வாடையே இல்லை. முழங்கை ஆழம் போயும் மணல்தான். மாசிலாமணிக்கு முகம் செத்துவிட்டது. கடப்பாரையைக் கீழே போட்டார். அப்படியானால் நெருப்பு அணைந்திருக்கிறது. எத்தனையோ தலைமுறைக்கு இங்கே ஆளே இருந்ததில்லை. இவ்வளவு காலம் தான் சொன்னது அத்தனையும் பொய் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் தோண்டும்," என்றார் நாகவ்வை.

மணலுக்குக் கீழே மறுபடியும் சாம்பல். அதற்குள் கல்லைச் செதுக்கிச் செய்த கத்தி, நத்தை ஓடுகள், முள் முள்ளாகச் சில எலும்புகள். என்ன பிராணி என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. அவர் பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மீன்," என்றார் நாகவ்வை. வாசலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த பெரும் பள்ளத்தைக் காட்டினார். "அங்கே ஏரி இருந்திருக்கிறது."

அதற்குக் கீழே இன்னொரு மணல், அதற்கும் கீழே இன்னொரு சாம்பல். குழியின் சுவரில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறித் தெரிந்தன. ஏரி வற்றியபோதெல்லாம் ஆட்கள் போயிருக்கிறார்கள். மழை திரும்பியபோதெல்லாம் யாரோ வந்து, அந்த மணல்மேலேயே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

மாசிலாமணி குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். எப்போது அவர் கடைசியாகச் சிரித்தார் என்று மடத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. வாசலில் நின்றவர்கள் அப்பாடா என்று மூட்டையைத் தூக்கினார்கள். அவர் அம்மியைக் குழியில் இறக்கி மூடினார். பிறகு தன் கையாலேயே அடுப்பில் மணலை அள்ளிப் போட்டார்.

வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார்.

"தாயே, அந்த மணல் விழுந்த காலமெல்லாம் இந்தக் குகையைக் காத்தது யார்?"

"விட்டுப் போய்ப் பிழைத்தவர்கள்தான்," என்றார் நாகவ்வை.