வைக்கோல் கொக்கு

மூன்று ஏரிகளுக்கும் ஒரே கால்வாய். நடு ஏரிக்குத் தலைவன் கரியன் என்ற நீர்நாய். அதற்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வீட்டில் மூன்று குட்டிகள், ஏரியிலோ மீன் குறைந்துகொண்டே வந்தது.

புதுத்தண்ணீர் வந்ததும் சினைக் கெண்டைகள் கால்வாயில் ஏறி வந்து, நடு ஏரியின் நாணலில் முட்டையிடும். மூன்று ஏரிக்காரர்களும் அவற்றை வழியிலேயே பிடித்துத் தின்றால் மீன் எப்படிப் பெருகும்?

மேல் ஏரி ஆமையும் கீழ் ஏரி முதலையும் பேச வந்தன. "நாற்பது நாளைக்குச் சினைமீனை யாரும் தொடக்கூடாது! அவரவர் மடைக்கு அவரவர் காவல்!" என்று முடிவாயிற்று. மூன்றும் களிமண்ணில் கால் பதித்து ஒப்பந்தம் செய்தன.

கரியனுக்குத் தலைகால் புரியவில்லை. வளையில் சேர்த்து வைத்திருந்த நண்டையெல்லாம் எடுத்து மூன்று நாள் விருந்து வைத்தது. "நம் பெருமையை நாலு பேர் பேச வேண்டாமா?"

நான்காம் நாள் நெட்டையன் என்ற கொக்கு வந்தது. "தலைவரே, நாள் முழுக்க மடையில் நின்றால் நான் இரை தேட முடியாது. தினம் இரண்டு நண்டு கொடுங்கள். காவலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கரியன் வளைக்குள் எட்டிப் பார்த்தது. வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

"சும்மா நிற்பதற்கு நண்டா? போ, போ!" என்று எரிந்து விழுந்தது. பிறகு வைக்கோலைத் திரித்து ஒரு கொக்கு செய்து மடையில் நட்டது.

மீன் திருட வந்தவையெல்லாம் இரண்டு நாள் அதைக் கண்டு பயந்தன. மூன்றாம் நாள் ஒரு காகம் அதன் தலைமேல் உட்கார்ந்து எச்சமிட்டது. அதோடு பயம் போயிற்று!

கரியன் கரையில் இங்கும் அங்கும் அலைந்தது. மேட்டில் நின்றால் மடையில் சலசலப்பு, மடைக்கு ஓடினால் நாணலில் சலசலப்பு. ஒருநாள் காலையில் நெட்டையனே சினைக்கெண்டை ஒன்றை விழுங்குவதைப் பார்த்துவிட்டது.

"அடப்பாவி! காவலுக்கு வருகிறேன் என்ற நீயா திருடுகிறாய்?"

"காவலுக்குத்தான் வைக்கோலை நிறுத்திவிட்டீர்களே, தலைவரே! நான் வெறும் பசித்த கொக்கு."



மறுவருடம் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு கெண்டைகூடத் துள்ளவில்லை. "உன் ஒரு மடையால் எங்கள் ஏரியும் போயிற்றே!" என்று ஆமை அழுதது.

கடைக்குட்டி பசியோடு கேட்டது: "அப்பா, மீனையெல்லாம் யார் தின்றது?"

வைக்கோல் கொக்கு இன்னும் மடையில் சாய்ந்து நின்றது. கரியன் அதைப் பார்த்தது. அந்த மூன்று நாள் விருந்து அதற்கு நினைவுக்கு வந்தது.

"நான்தான்" என்றது.

வாக்குக் கொடுக்கும் நாளில் வாரி இறைத்துவிட்டு, அதைக் காக்கும் நாளில் கையை விரிப்பவன், வாக்கே கொடுக்காதவனைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறான்.